ரோபோ கதைக்கு மொழியியல் உதவுமா?

வேளச்சேரியிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "மொழியியல் முதுகலை படிக்கிறேன். அறிவுள்ள ரோபோவை வைத்துச் சிறுகதை எழுத ஆசை. கணினி எதுவும் தெரியாது. மொழி ஆராய்ச்சியிலிருந்து கதைக்கு ஏதாவது கிடைக்குமா?"

ஏதாவது என்ன, கதைக்கருவே அங்கேதான் இருக்கிறது அம்மா. மோட்டாரையும் சிப்பையும் பற்றி எழுத ஏற்கெனவே கூட்டம் நிற்கிறது. நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

'மழை பெய்கிறதாம்' என்கிறோம். அந்த 'ஆம்' வந்துவிட்டால் யாரோ சொன்னார்கள், பொறுப்பு நம்முடையதல்ல என்று பொருள். அறிந்த செய்தி எந்த வழியில் வந்தது என்பதை மொழிகள் எப்படிக் காட்டுகின்றன என்பது மொழியியலில் பெரிய ஆராய்ச்சி. கொலம்பியா, பிரேசில் எல்லைப் பகுதியில் பேசப்படும் துயூக்கா மொழியில் இதற்கு ஐந்து வகை விகுதிகள் உண்டு. கண்ணால் கண்டது, பிற புலன்களால் உணர்ந்தது, தடயத்தை வைத்து ஊகித்தது, பிறர் சொல்லக் கேட்டது, பொதுவாக இப்படித்தான் என்று எண்ணிக்கொண்டது. வதந்தி பரப்புகிறவர்களுக்குக் கொஞ்சம் சிரமமான மொழிதான்.

இப்போது ரோபோவுக்கு வாருங்கள். இன்றைய உரையாடும் இயந்திரங்கள் பெரும்பாலும் மனிதர் எழுதிவைத்ததைப் படித்துத்தான் பேசக் கற்றிருக்கின்றன. நேர்மையாகப் பேசுவதென்றால் அவை எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட வேண்டும். 'மிளகாய் காரமாக இருக்குமாம்.' 'மெரினாவில் மாலையில் காற்று நன்றாக வீசுமாம்.'

மயிலாப்பூரில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்குத் துணையாக அப்படியொரு ரோபோவை வையுங்கள். மாடியில் காயும் துணியை எடுக்கப் போய்ச் சொட்டச் சொட்ட நனைந்து வருகிறது. வந்து, "மழை பெய்கிறதாம் பாட்டி" என்கிறது. பாட்டி விழுந்து விழுந்து சிரிக்கிறார். பிறகொரு நாள் பாட்டியின் வளையல் காணாமல் போகிறது. விசாரிக்க வந்த காவலரிடம் ரோபோ, "பேரன் பீரோவைத் திறந்தார்" என்கிறது. 'திறந்தாராம்' அல்ல, 'திறந்தார்'. பிறர் சொல்லக் கேட்டதை நீதிமன்றம் பொதுவாகச் சாட்சியமாக ஏற்பதில்லை. எனவே பேரனின் வக்கீல் அந்த 'ஆம்' இல்லாததையே பிடித்துக்கொள்வார்: "நீ பார்த்தாயா, உன் கேமரா பார்த்ததா?" உங்கள் கதை அந்தக் குறுக்கு விசாரணையில்தான் இருக்கிறது. அங்கே நிதானமாக நில்லுங்கள்.

பாட்டி ஓர் இயந்திரத்தை நம்புவாரா என்று தயங்க வேண்டாம். கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் 1966-இல், தாம் உருவாக்கிய எலைசா என்ற கணினி நிரலைப் பற்றி எழுதினார். நாம் தட்டச்சு செய்ததையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் நிரல் அது, புரிதல் என்று எதுவும் கிடையாது. அதனிடமே மனிதர்கள் மனம்விட்டுப் பேசினார்கள்.

ரோபோ 'நாம்' என்று பாட்டியைச் சேர்த்துக்கொண்டு பேசுமா, 'நாங்கள்' என்று தன் இனத்தை மட்டும் சொல்லுமா என்பதும் நல்ல கருதான். ஆனால் அது வேறு கதை. இரண்டையும் ஒன்றில் திணிக்காதீர்கள்.