விடிவதற்குள் வள்ளிக்குக் கல்யாணம்

வணக்கம் நேயர்களே. பங்குனி, சித்திரையில் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் ராத்திரி பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். அறுப்பு முடிந்து காய்ந்து கிடக்கும் வயலில் ஒரு கொட்டகை, வரிசையாக டியூப் லைட்டு, கண்ணுக்குத் தெரியும் முன்பே காதில் விழும் ஹார்மோனியம். கோயில் திருவிழாவுக்கு ‘வள்ளி திருமணம்’. ஜூனில் மேட்டூரைத் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஏறிவிட்டால் வயலில் மேடை போட முடியாது. அதற்குள் ஆடிவிட வேண்டும்.

சங்கரதாஸ் சுவாமிகள் ஆக்கித் தந்த நாடகம் இது. அவர் மறைந்தது 1922-இல். நூறு வருஷம் தாண்டியும் ஓடுகிறது. எத்தனை பேரை வைத்து? முருகனாக வரும் ராஜபார்ட், வள்ளியாக வரும் ஸ்திரீபார்ட், நாரதர், சிரிக்கவைக்கும் பபூன், ஆட்டத்துக்கு டான்ஸ். மேடை ஓரத்தில் ஹார்மோனியம், மிருதங்கம், மற்ற தாள வாத்தியங்களையெல்லாம் ஒருவரே வாசிக்கும் ஆல்ரவுண்ட். எட்டே பேர். தெருப் படுதா ஒன்று, காட்டுப் படுதா ஒன்று. கதையோ கந்தபுராணக் கதை. சுவாமிமலைக்குக் காவடி எடுக்கிற ஜனங்களுக்கு முருகன் வள்ளியைக் கட்டின கதையைச் சொல்லியா தெரிய வேண்டும்? பிறகு எதற்கு விடிய விடியப் பாய் விரித்து உட்காருகிறார்கள்?

ஒத்திகை கிடையாது. அதனால்தான். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர். அவரவருக்குத் தனித்தனி அட்வான்ஸ், அவரவர் பஸ் ஏறி வந்து இறங்குவார்கள். இப்படி ஆள் ஆளாகப் பேசிச் சேர்ப்பதால்தான் இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். பாட்டு எல்லாருக்கும் பாடம். நடுவில் வருகிற பேச்சு அன்றைக்கு அன்றைக்கு வருவது. தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடிக் கிளி ஓட்டுகிறாள், நாரதர் வருகிறார், தர்க்கம் தொடங்குகிறது. இல்லறமா துறவறமா, ஆண் உயர்வா பெண் உயர்வா என்று ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் போகும். குறளை ஒருவர் எடுத்தால் மற்றவர் திருப்புகழை எடுக்க வேண்டும். போன வருஷத்து வள்ளி சொன்ன பதிலை இந்த வருஷத்து வள்ளி சொல்ல மாட்டாள். முடிவு தெரிந்த கதைதான், பதில் தெரியாது. அதைக் கேட்கத்தான் ஜனம் உட்கார்ந்திருக்கிறது.

ஒத்திகை இல்லாத எட்டுப் பேரையும் கட்டி இழுப்பவர் ஹார்மோனியக்காரர். அவரைப் பின்பாட்டு என்றே சொல்வார்கள். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாடகம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ராஜபார்ட்டைப் பேசுவார்கள், இவரைப் பேசுவதில்லை. குரலின் சுருதியைக் கட்டை என்று கணக்கிடுவார்கள்; எண் ஏறினால் சுருதியும் ஏறும். மைக் இல்லாத காலத்தில் 5 கட்டையில் பாடினால்தான் கடைசிப் பாய் வரைக்கும் கேட்கும். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இந்த நாடகத்தில் ஜோடியாக நின்றபோது இரண்டு பேருக்குமே அந்த உச்சக் குரல் இருந்தது. இன்றைக்கு வள்ளி 5 கட்டை, வேலன் 2 கட்டை என்று வந்து நிற்பார்கள். தனிப்பாட்டுக்குப் பாதகமில்லை. அடிக்கு அடி மாற்றிப் பாடும் இடத்தில் ஒவ்வொருவரும் தங்கள் சுருதியில் பாடினால் பாட்டுக்கு அடிப்படையான ‘ஸ’, அதாவது ஆதார ஷட்ஜமம், வரிக்கு வரி தாவும், காது கூசும். பின்பாட்டுக்காரர் 4 கட்டையில் நிறுத்தி, வேலன் மேலே எட்டாமல் திணறுகிற அடியைத் தாமே சேர்ந்து பாடித் தூக்கிவிடுவார். தர்க்கத்தில் நாரதருக்குப் பேச்சு நின்றுபோனாலும் இவர்தான். அடுத்த பாட்டின் எடுப்பை மெதுவாக ஒரு தரம் வாசிப்பார். நாரதர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்குள் போய்விடுவார். ஒத்திகை இல்லாத குறை கேட்கிறவருக்குத் தெரியாமலே போகும்.

பனியும் ஒரு பகை. மாசியில் நள்ளிரவுக்கு மேல் மிருதங்கத்தின் தோல் ஈரம் வாங்கித் தொய்யும், சுருதி இறங்கும். ஹார்மோனியத்தின் ரீடு பித்தளை, அது இருந்த இடத்திலேயே நிற்கும். இரண்டும் பிசகுவது அங்கேதான். கல்லால் விளிம்பைத் தட்டி ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காற்றுக்கு ஃபேன் வைத்தால் வேறு தொல்லை; மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ஒட்டிய ரவை காய்ந்து, அடி நாதம் போய்விடும்.

நேரமாகிறது என்று ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். நாடகம் வைக்கிற ஊர்க்காரர்களுக்குச் சொல்ல நிறைய வைத்திருந்தேன். இரண்டு மட்டும் சொல்லிவிடுகிறேன். ஃபேனை மிருதங்கத்துக்கு எதிரே வைக்காதீர்கள். அன்பளிப்பு கொடுத்தவர்கள் பெயரைத் தர்க்கத்துக்கு நடுவே மைக்கில் படிக்காதீர்கள். சேர்த்துவைத்து, பாட்டு முடிந்ததும் படியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் தர்க்கம் நின்று நின்று தொடங்கினால் மூன்று மணிக்கும் நாரதர் மேடையில்தான் இருப்பார். அதற்குப் பிறகுதான் வேடன் வர வேண்டும், கிழவன் வேஷத்தில் விருத்தன் வர வேண்டும், யானை வர வேண்டும். கிழக்கு வெளுத்தால் ஜனம் பாயைச் சுருட்டிவிடும், தாலி கட்டுவதைப் பார்க்க ஆள் இருக்காது. நேரம் முடிந்துவிட்டது, வணக்கம்.