தொப்பி போட்ட நுரையீரல்

வணக்கம் நண்பர்களே. செங்கோட்டைக்கு மேற்கே, புளியரை சோதனைச் சாவடிக்குப் பக்கத்து டீக்கடையிலிருந்து பேசுகிறேன். தமிழ் மட்டும் படிப்பவரும் மலையாளம் மட்டும் படிப்பவரும் ஒரே பெஞ்சில் உட்காரும் கடை இது. இங்கே சிகரெட் பாக்கெட்டின் 85 சதவீத இடத்தில் இருக்கும் எச்சரிக்கைப் படம், எழுத்தே தெரியாதவருக்கும் புரிகிறது. 2016 ஏப்ரல் முதல் நம் நாட்டில் நடைமுறையில் இருக்கும் அளவு அது.

2015 பிப்ரவரி 15 அன்று, அமெரிக்காவின் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் ஜான் ஆலிவர் தம்முடைய நையாண்டிச் செய்தி நிகழ்ச்சியில் இப்படிப்பட்ட படங்களுக்காக நடந்த சண்டையைத்தான் எடுத்துக்கொண்டார். சின்னமும் நிறமும் இல்லாத பாக்கெட்டை 2012இல் கட்டாயமாக்கிய ஆஸ்திரேலியாவின் மீது, அந்நாடு ஹாங்காங்குடன் 1993இல் செய்துகொண்ட முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி மார்ல்போரோ சிகரெட் விற்கும் பிலிப் மோரிஸ் நிறுவனம் வழக்குத் தொடர்ந்ததையும், பாக்கெட்டின் 80 சதவீதத்தை எச்சரிக்கைக்கு ஒதுக்கிய உருகுவே மீது 2010இல் சுவிட்சர்லாந்துடனான ஒப்பந்தத்தின் பெயரில் அதே நிறுவனம் வழக்குப் போட்டதையும், மேற்கு ஆப்பிரிக்காவின் ஏழை நாடான டோகோவுக்கு அந்நிறுவனத்தின் மிரட்டல் கடிதம் போனதையும் அவர் பொறுமையாக விளக்கினார். ஒப்பந்த விதிகளைக் கேட்டாலே சேனலை மாற்றிவிடும் நம்மைப் போன்றவர்களையும் சிரிப்புதான் அங்கே உட்கார வைத்தது. செய்தி வாசிப்பு மட்டும் அதைச் செய்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆலிவரின் நிகழ்ச்சியில், மார்ல்போரோ விளம்பரத்துக் குதிரைவீரனின் தொப்பியை நோயுற்ற நுரையீரல் ஒன்றுக்கு மாட்டி, அதற்கு ஜெஃப் என்று பெயரிட்டார்கள். உருகுவேயில் அது விளம்பரப் பலகையில் ஏறியது. டோகோவுக்கு டீசர்ட்டாகப் போனது. புளியரையின் பெஞ்சில் காட்டினாலும் அது அப்படியே புரியும் என்பதால்தான் இந்த உத்தியை நான் மதிக்கிறேன்.

2015 டிசம்பரில் ஆஸ்திரேலிய வழக்கு தள்ளுபடியானது. வழக்குப் போடுவதற்காகவே ஆஸ்திரேலியக் கிளையை ஹாங்காங் நிறுவனத்தின் கீழே கொண்டுபோயிருந்தார்கள் என்று தீர்ப்பாயம் கண்டது.

மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே இதையெல்லாம் கேட்ட என் பெரியம்மா, "அந்தச் சின்ன உருகுவே நாட்டுக்கு வக்கீல் பீஸ் யாரு குடுத்தா?" என்று கேட்டார். அமெரிக்கக் கோடீஸ்வரர் மைக்கேல் ப்ளூம்பெர்க்கின் அறக்கட்டளை உதவியது, பெரியம்மா. 2016 ஜூலையில் உருகுவே வென்றபோது, அதன் வழக்குச் செலவுக்காக 70 லட்சம் டாலரை நிறுவனமே கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.