புள்ளி தொலையாம பேரு வரையறது எப்படி? நம்ம ரெட்ரோ கேமுக்கு ஸ்டீம் தம்ப்நெயில்

வணக்கம் மக்களே! காரைக்குடியிலேர்ந்து பேசுறேன். பின்னாடி டொக்கு டொக்குன்னு உளிச் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, பக்கத்து வீட்டுல பழைய நிலைக்கதவைப் பேத்து எடுக்கிறாக. எந்தப் பழைய சாமான் கடைக்குப் போகுதோ தெரியல. அதைப் பேச ஆரம்பிச்சா எனக்கு வயிறு எரியும், விட்ருவோம்.

"பெட்டகம்" கேம் எப்ப வருதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. கேம் முக்கால்வாசி ஓடுது. இன்னைக்குப் பேசப் போறது அதோட ஸ்டோர் படம். ஸ்டீம்ங்கிற கேம் விக்கிற ஆன்லைன் கடையில இதுக்குக் கேப்ஸ்யூல்னு பேரு, நாம தம்ப்நெயில்னே வச்சுக்குவோம். புதுசா வந்தவங்களுக்கு ஒரு வரி: பழைய 16 பிட் காலத்துப் பாணியில ஒரு செட்டிநாட்டு வீடு. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு ஆச்சி அசந்து தூங்குறாக. பேரன் பெட்டகசாலையைத் திறக்கணும். சாவிக்கொத்து ஆச்சி இடுப்புல. அவ்வளவுதான் கதை.

நம்மள்ல நெறய பேரு பெரிய படத்தை அழகா வரைஞ்சுட்டு, கடைசியா அதைச் சுருக்கிச் சின்னதுக்குப் போடுவோம். நான் சொல்றது தலைகீழ். சின்னதுலேர்ந்து ஆரம்பிங்க. ஸ்டீம் கேக்குற சின்ன கேப்ஸ்யூல் 462-க்கு 174 பிக்சல். அதை வச்சு அவங்களே 184-க்கு 69, 120-க்கு 45னு இன்னும் பொடிசா ரெண்டு அளவு சுருக்கிக்கிறாங்க. தேடல் பட்டியல் மாதிரி இடத்துலயெல்லாம் பொடிசுதான் ஓடும். காரைக்குடி பஸ் ஸ்டாண்டுல பஸ் திரும்பும்போதே போர்டைப் பார்த்து "தேவகோட்டை"ன்னு ஓடுறோம்ல, அந்த நேரம்தான் நமக்கும் கிடைக்கும். நின்னு நிதானமா யாரும் படிக்க மாட்டாங்க.

அதனால அந்தச் சின்ன படத்துல பேரு மட்டும்தான். ஆச்சி கிடையாது, வளவு (அதான் உள்முற்றம்) கிடையாது, தூண் கிடையாது. பேரு படத்தை ரொப்பி நிக்கணும். ஸ்டீமோட வழிகாட்டியும் அதையேதான் சொல்லுது.

இப்ப கணக்குக்கு வாங்க, இதுதான் எனக்குப் பிடிச்ச இடம். 462-ஐ 6-ஆல வகுத்தா 77. 174-ஐ 6-ஆல வகுத்தா 29. மிச்சமே இல்ல! ஆக 77 கட்டம் அகலம், 29 கட்டம் உயரம்னு ஏஸ்பிரைட்ங்கிற பிக்சல் படம் வரையுற மென்பொருள்ல ஒரு குட்டி கேன்வாஸ் போட்டு வரைஞ்சு, நியரஸ்ட் நெய்பர்ல, அதாவது கட்டத்தோட நிறத்தை அப்படியே வச்சுப் பெருசாக்குற முறையில, 6 மடங்கு பெருசு பண்ணா ஒவ்வொரு கட்டமும் கத்தியில வெட்டின மாதிரி இருக்கும். பக்கத்து நிறங்களைக் கலந்து விடுற பைலினியர் கிட்ட போயிடாதீங்க, ஓரமெல்லாம் கொழகொழன்னு ஆயிடும்.

ஆனா ஸ்டீம் அதை 120-க்குச் சுருக்கும்போது உங்க ஒரு கட்டம் ஒன்றரை பிக்சல் சொச்சம்தான். ஒரு கட்டத் தடிமன்ல கோடு போட்டிருந்தா கலங்கிப் போகும். கோடு எல்லாமே குறைஞ்சது ரெண்டு கட்டம் இருக்கணும்.

இங்கதான் தமிழ் எழுத்து நம்மளைப் படுத்தும். இங்கிலீஷ் எழுத்தை 5-க்கு 7 கட்டத்துக்குள்ளயே வாசிக்கிற மாதிரி வரைஞ்சுடலாம். நம்ம "க"வைப் பாருங்க, நடுவுல ஒரு சுழி, மேல ஒரு கோடு, கீழ ஒரு வளைவு. சுழிக்குள்ள இருக்குற காலி இடம் ரெண்டு கட்டமாவது இல்லன்னா அடைச்சுக்கிட்டு கரும்புள்ளியா நிக்கும். "பெட்டகம்"ல ஒத்தக்கொம்பையும் சேர்த்து ஆறு உருவம். 77 கட்டத்தை ஆறுக்குப் பங்கு போட்டா தலைக்கு 12, 13தான்.

அதுக்கு மேல புள்ளி. "ட்"டுக்கு ஒண்ணு, "ம்"முக்கு ஒண்ணு. சுருங்கும்போது முதல்ல காணாமப் போறது அதுதான். புள்ளி போச்சுன்னா "பெடடகம". ஏதோ ஊர் பேரு தெரியாத மருந்து மாதிரி இருக்கு. இதுக்கு நான் என்ன பண்ணேன்னா, 29 கட்ட உயரத்தை இப்படிப் பிரிச்சேன்: மேல ஓரம் 3, புள்ளிக்கு 3, இடைவெளி 2, எழுத்துக்கு 18, கீழ ஓரம் 3. புள்ளி மூணுக்கு மூணு கட்டியான சதுரம். உள்ள ஓட்டை கீட்டை எதுவும் இல்ல. எழுத்து சுண்ணாம்பு வெள்ளை, புள்ளி மட்டும் மஞ்சள். அப்புறம் ஒரு சபலம், அந்த "ம்" கடைசிக் காலுல குட்டியா ஒரு சாவியைத் தொங்க விட்டேன். 120-ல அது சாவியாத் தெரியாது, ஒரு மஞ்சள் வால் மாதிரிதான் தெரியும். பரவாயில்ல, வாசிக்கிறதைக் கெடுக்கல.

கலர் எல்லாம் நம்ம வீட்டு ஆத்தங்குடிக் கல்லுலேர்ந்து எடுத்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு. மொத்தம் எட்டே நிறத்துல முடிச்சிருக்கேன். ஒரு சூட்சுமம் சொல்றேன். அந்தச் சிவப்பும் பச்சையும் தரையில கண்ணைப் பறிக்கும். ஆனா படத்தைக் கறுப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க, ரெண்டும் ஒரே சாம்பல்! சிவப்பு எழுத்தைப் பச்சை மேல வச்சா, சிவப்பு-பச்சை நிறக்குருடு உள்ளவங்களுக்கு ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கிறதே கஷ்டம். அதனால வெளிச்சம் இருட்டு வித்தியாசத்தை முதல்ல பாருங்க, நிறம் அப்புறம். இன்னொண்ணு, ஸ்டீம் பக்கமே கருநீலம். உங்க படத்தோட ஓரம் இருட்டா இருந்தா பக்கத்தோட கரைஞ்சு போயிடும். நான் பச்சையைப் பின்னால போட்டு, ஓரத்துல மஞ்சள் கோடு கட்டியிருக்கேன்.

இப்ப பெரிய படம். கேம் பக்கத்துக்கு மேல வர்ற ஹெடர் 920-க்கு 430, கடை முகப்புல வர்ற மெயின் 1232-க்கு 706. ஹெடரை 10-ஆல வகுத்தா 92-க்கு 43, சுத்தமா வருது. இந்த 706 இருக்கே, பெரிய வில்லங்கம். 2-ஆல வகுத்தா 353, அதுக்கு மேல எதுக்கும் மசியாது. நான் 8 மடங்குக்கு வரைஞ்சு, உயரத்துல 89 வரிசை போட்டு, மிச்சத்தைக் கீழேர்ந்து வெட்டிட்டேன். தரைதானே, யாருக்கும் தெரியாது.

படத்துல என்ன இருக்கணும்? கேமோட ஸ்கிரீன்ஷாட் வேண்டவே வேண்டாம். ஆடும்போது ஆச்சி 16-க்கு 24 பிக்சல், அதை அப்படியே தூக்கிப் போட்டா எறும்பு. அதே பிக்சல் பாணியில, தம்ப்நெயிலுக்குன்னே பெருசா மறுபடி வரையணும். சேலை இடுப்பு, அதுல செருகின சாவிக்கொத்து, பாதிப் படம் அதுவே. ஓரத்துல தூணுக்குப் பின்னாலேர்ந்து பேரனோட ரெண்டு கண்ணு. ஆச்சி முகமே இல்ல.

"ஏன்டா, யாராவது நல்ல ஓவியரைப் பிடிச்சு பெயின்டிங் மாதிரி பண்ணலாமே"ன்னு கேட்பீங்க. 1977-ல வந்த அட்டாரி 2600ங்கிற கேம் மெஷினுக்கு அப்படித்தான் பண்ணாங்க. பெட்டி மேல பிரமாதமான ஓவியம், டிவியில போட்டா நாலு கட்டம் ஓடும். அன்னைக்கு அது செல்லுச்சு. இன்னைக்கு ஸ்டீம்ல மவுஸை மேல வச்சாலே ஸ்கிரீன்ஷாட் வந்துடுது. வாங்கின 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தா காசைத் திருப்பிக் கேட்கலாம். ஓவியத்தைப் பார்த்து வர்றவன் பிக்சலைப் பார்த்துட்டுப் போயிடுவான். பெயின்டிங் போட்டு நல்லா வித்த பிக்சல் கேம் இல்லவே இல்லன்னு சொல்ல வரல. நம்ம கேமுக்கு, நம்ம பட்ஜெட்டுக்கு, பிக்சலைத் தேடி வர்றவங்க வந்தாப் போதும்.

ஒரு விதி மறந்துடாதீங்க. 2022 செப்டம்பர் 1-லேர்ந்து கேப்ஸ்யூல்ல படம், கேம் பேரு, அதோட உபதலைப்பு, இவ்வளவுதான் அனுமதி. விருதைக் காட்டுற இலை வளையம், விமர்சன மார்க், "50% தள்ளுபடி" எதுவும் ஒட்டக் கூடாது. எனக்கு இது சந்தோஷம்தான், முன்னாடி சில தம்ப்நெயிலைப் பார்த்தா ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் மாதிரி இருக்கும்.

சரி, படம் வேலை செய்யுதான்னு எப்படிப் பார்க்கிறது? ஸ்டீம்ல பிக்சல் கேம் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நடுவுல நம்ம படத்தை ஒட்டி, போனுக்கு அனுப்பிப் பாருங்க. அப்புறம் கேமே ஆடாத ஒரு ஆளுகிட்ட மூணு செகண்டு காட்டிட்டு மூடிடுங்க. "நல்லாருக்கா?"ன்னு கேட்காதீங்க, நம்ம ஊருல நல்லா இல்லன்னு யாரும் மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாக. "என்னண்ணே தெரிஞ்சுச்சு?"ன்னு கேளுங்க. எங்க தெரு டீக்கடை அண்ணன்கிட்ட ரெண்டு படம் காட்டினேன். வளவு, தூணு, சரவிளக்குன்னு முழு வீடும் இருக்குற படத்துக்கு, "கல்யாண மண்டபம் விளம்பரமா தம்பி?"ன்னாரு. இடுப்புச் சாவிக்கொத்துக்கு, "ஆச்சி தூங்கயில சாவியை அமுக்குற பயலா?"ன்னு சிரிச்சாரு. கேம் பேரைக் கூட நான் சொல்லல!

மத்ததைச் சுருக்கமாச் சொல்லிடுறேன். இட்ச்ங்கிற இன்னொரு கேம் தளத்துல அட்டைப்படம் 630-க்கு 500, அசையுற ஜிஃப் போடலாம், அங்க சாவிக்கொத்தை லேசா ஆட விட்டிருக்கேன். ஸ்டீம் லைப்ரரியில, அதாவது வாங்கின கேமெல்லாம் இருக்குற இடத்துல, மேல அகலமா வர்ற ஹீரோ படம் 3840-க்கு 1240, அதுல எழுத்தே வரக் கூடாது, லோகோ தனி பிஎன்ஜியா போகும்.

நம்ம கேமோட ஸ்டீம் பக்கம் திறந்ததும், கேம் பண்றவங்களுக்கான ஸ்டீம்வொர்க்ஸ் தளத்துல எத்தனை பேரு கண்ணுல பட்டுச்சு, எத்தனை பேரு உள்ள வந்தாங்கன்னு ரெண்டு எண்ணும் வரும். கண்ணுல பட்டும் ஆளு வரலன்னா முதல்ல மாத்தப் போறது மெயின் படத்தோட பின்னணிப் பச்சைதான், அதுல எனக்கே இன்னும் அரை மனசு. எண்ணு வந்ததும் அப்படியே ஸ்கிரீன்ல காட்டுறேன். அடுத்த வீடியோ ட்ரெய்லரோட முதல் அஞ்சு செகண்டு பத்தி. வரட்டா!