நண்பர்களைக் கேட்ட பேராயர் | தோர்னக்கல் வ்லாக்

வணக்கம் மக்களே. பின்னால் ரயில் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். தெலங்கானாவில், விஜயவாடாவிலிருந்து காசிப்பேட்டை போகிற பாதையில் இருக்கும் தோர்னக்கல் ஜங்ஷனில் இறங்கி நேராக இந்தக் கோயிலுக்கு வந்திருக்கிறேன். இதோ பாருங்கள், மேலே குவிமாடம், மசூதி மாதிரி. உள்ளே தூண்கள், நம்ம ஊர்க் கோயில் மண்டபம் மாதிரி. ஆனால் இது ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை மரபைச் சேர்ந்த பேராலயம். 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டை செய்தார்கள். கட்டி முடிக்கவே கால் நூற்றாண்டு ஆனது. கட்டியவர் வெள்ளைக்காரர் இல்லை, நம்ம திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள்!

வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். தேரி மண்ணும் பனையும் உள்ள சீமை. அப்பா அந்த ஊர்ச் சபையின் குருவானவர். பையனுக்குப் பதினைந்து வயது இருக்கும்போது அவர் தவறிவிட்டார். அப்புறம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படிப்பு. பட்டம் வாங்கவில்லை. 1895இல் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் வேலை, 1898இல் வரதட்சணை வாங்காமல் அன்பு மரியம்மாளுடன் கல்யாணம்.

அவரைத் திருப்பிவிட்டது யாழ்ப்பாணம் என்றுதான் நான் சொல்வேன். 1902இல் அங்கே போகிறார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு சேர்த்துத் தாங்களே ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலியிலோ இவ்வளவு பெரிய சபை இருந்தும் அப்படி ஒன்றும் இல்லை. உறுத்தியிருக்கும், இல்லையா? அடுத்த வருஷமே, 1903 பிப்ரவரியில், இந்திய மிஷனரி சங்கம் பிறந்துவிட்டது. ஆளும் நம்ம ஆள், பணமும் நம்ம பணம். அந்தச் சங்கம் ஊழியத்துக்குத் தேர்ந்தெடுத்த இடம்தான் நிஜாம் சீமையிலிருந்த இந்தத் தோர்னக்கல். 1909இல் குருப்பட்டம் பெற்று அசரியாவே இங்கே வந்துவிட்டார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு எழுத்துகூட்டிப் படித்திருக்கிறார்.

சரி, 1910க்கு வருவோம். நான் இந்த வீடியோ போடக் காரணமே அதுதான். எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. அரங்கம் நிறைய ஐரோப்பிய, அமெரிக்க மிஷனரிகள். அசரியாவைப் பேசக் கூப்பிடுகிறார்கள். அவர் நன்றி சொல்லித்தான் ஆரம்பிக்கிறார். பேச்சின் முடிவைக் கேளுங்கள்: 'ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள். சுட்டெரிக்க உங்கள் சரீரத்தைக் கொடுத்தீர்கள். நாங்கள் அன்பையும் கேட்கிறோம். எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்!'

பைபிள் படிப்பவர்களுக்கு உடனே பிடிபடும், இது ஒன்று கொரிந்தியர் 13. 'அன்பு எனக்கிராவிட்டால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை' என்று அந்த வசனம் முடியும். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. எதிரே இருந்தவர்களுக்கோ அந்த அதிகாரம் மனப்பாடம். சொல்லாத பாதி அவர்கள் மனசில் தானாக ஓடியிருக்கும். என்ன ஒரு சூட்டிகை! பாராட்டுகிற மாதிரியே வைத்த குட்டு.

இரண்டே வருஷத்தில், 1912 டிசம்பர் 29 அன்று, கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவரைத் தோர்னக்கல் பேராயராக, அதாவது பிஷப்பாக, அபிஷேகம் செய்தார்கள். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் தடவை. முட்டுக்கொடுத்தவர் சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட். எதிர்ப்பும் பலமாக இருந்தது. ஒரு இந்தியனின் கீழ் வேலை செய்வதா என்று மிஷனரிகள் முணுமுணுத்தது ஒருபக்கம். நம்ம ஆட்களிலேயே சிலர் சாதியைக் காட்டி முணுமுணுத்தது இன்னொரு பக்கம். அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

அப்புறம் முப்பத்திரண்டு வருஷம் இந்தத் திருமண்டலம்தான், அதாவது பேராயராக அவர் பொறுப்பிலிருந்த இந்தப் பகுதிதான், அவர் வாழ்க்கை. மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போவார். தீண்டாமைக்கு ஆளாகியிருந்த மாலா, மாதிகா சாதி மக்கள் கூட்டம் கூட்டமாகச் சபைக்கு வந்த காலம் அது. ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு அவர்களை ஒன்று செய்யச் சொல்வாராம். செய்து காட்டுகிறேன், இப்படி, கையைத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். 'நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன். சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ.' ஊருக்குள் வாய் திறக்க விடாமல் வைத்திருந்த மக்களை, நீயும் பேச வேண்டியவன் என்று சொல்ல வைக்கிறார். இதே மதமாற்ற விஷயத்தில்தான் 1930களில் காந்தியோடு அவருக்குக் கருத்து மோதல். ஆனால் கிறிஸ்தவர்கள் மட்டுமே ஓட்டுப் போடுகிற தனித் தொகுதி கேட்ட பேச்சு வந்தபோது, வேண்டாம் என்றவரும் இதே அசரியாதான்.

பிரிந்து கிடந்த சபைகளை ஒன்றாக்க வேண்டும் என்று 1919இல் தரங்கம்பாடியில் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். அதில் முன்னால் நின்றவர் இவர். அப்படி ஒன்றான தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., பிறந்தது 1947 செப்டம்பர் 27 அன்று. இவர் காலமானது 1945 ஜனவரி 1. இரண்டே முக்கால் வருஷம்தான் இடைவெளி.

அடக்கம் செய்ததும் இங்கேதான், வெள்ளாளன்விளையில் இல்லை. கொஞ்சம் இருங்கள், வெயில் கண்ணில் அடிக்கிறது, கேமராவைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறேன்.