உங்கள் ஆப்பின் வயிற்றுக்குள் யார் யார் இருக்கிறார்கள்?

வணக்கம். இன்றைக்கு என் முகத்தைவிடத் திரையைத்தான் அதிகம் காட்டப்போகிறேன். உங்கள் போனில் செட்டிங்ஸைத் திறந்து 'அபவுட் போன்' போங்கள். அதற்குள் 'லீகல்' என்று ஏதாவது இருக்கும், அதைத் தொடுங்கள். என்னுடையது சுற்றிக்கொண்டே இருக்கிறது... சரி, வந்துவிட்டது. உருட்டுகிறேன், உருட்டுகிறேன், முடிகிற வழியாக இல்லை. கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு அச்சடிப்பார்களே, அந்த மாதிரி பெயருக்குமேல் பெயர்.

போனுக்குள் இருக்கிற மென்பொருளை எழுதியவர்களின் பெயர்களும், அவர்கள் கொடுத்த லைசென்ஸ்களும், அதாவது அனுமதி நிபந்தனைகளும்தான் இவை. அடுத்தவர் எழுதிய புரோகிராம் கோடைத் தன் பொருளுக்குள் வைத்து விற்கிற கம்பெனி செய்தே ஆகவேண்டிய வேலை இது. நீங்கள் ஒற்றை ஆளாக ஆப் செய்தாலும் அதே கதைதான்.

"எம்ஐடி லைசென்ஸ்தானே அக்கா, எடுத்துப் போட்டுக்கொள்ளலாமே?" என்று கமெண்டில் கேட்கிறீர்கள். தாராளமாக. கோடை யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கிற எளிய லைசென்ஸ் அது. மாற்றலாம், விற்கலாம், உங்கள் சொந்தக் கோடைப் பூட்டியும் வைக்கலாம். ஆனால் அந்தச் சின்ன லைசென்ஸின் நடுவில் ஒரே ஒரு நிபந்தனை உட்கார்ந்திருக்கிறது: பதிப்புரிமை வரியும் இந்த அனுமதி வாசகமும் எல்லாப் பிரதிகளிலும் இருக்க வேண்டும். பிளே ஸ்டோரில் நீங்கள் ஏற்றுகிற ஆப்பும் ஒரு பிரதிதான்.

நானே இதில் மாட்டியிருக்கிறேன். ஒரு கிளையண்ட், பெயர் வேண்டாம். பணம் வரவேண்டிய வாரத்தில் அவர்கள் வக்கீலிடமிருந்து மெயில்: உள்ளே இருக்கிற வெளியார் கோடு எல்லாவற்றுக்கும் பட்டியலும் லைசென்ஸும் அனுப்புங்கள். நான் கையால் சேர்த்தது பன்னிரண்டு பேக்கேஜ், அதாவது பிறர் எழுதிவைத்த கோடுத் தொகுப்புகள். பட்டியலை எடுத்துப் பார்த்தால் நானூற்றுச் சொச்சம்! ஒன்று இன்னொன்றை அழைத்து வந்திருக்கிறது, அது தன் பங்காளிகளையும் கூட்டி வந்திருக்கிறது.

இதோ, அந்த ஆப்பின் பில்டு ஃபோல்டர், ஆப்புக்குள் போகிற இறுதிக் கோடு இருக்கிற இடம். மெயின்.ஜேஎஸ் தெரிகிறதா? பக்கத்திலேயே மெயின்.ஜேஎஸ்.லைசென்ஸ்.டிஎக்ஸ்டி. கோடு ஃபைல்களையெல்லாம் ஒன்றாகக் கட்டுகிற வெப்பேக் என்ற கருவி, சுருக்கும்போது கோடுக்குள் எழுதியிருக்கிற கமெண்டுகளை, அதாவது குறிப்புகளை, உதறிவிடும். ஆச்சரியக்குறியோடு தொடங்குவது, '@license' என்று குறியிட்டது போன்ற கமெண்டுகளை மட்டும், லைசென்ஸாக இருக்கும் என்று இந்தத் தனி ஃபைலில் எடுத்து வைக்கும். நான் இதைக் குப்பை என்று நினைத்து அழித்துவிட்டு, மெயின்.ஜேஎஸ்ஸை மட்டும் ஆப்புக்குள் வைத்திருந்தேன். சரி, வைத்திருந்தால் மட்டும் போதுமா? போதாது. நிறைய பேக்கேஜ்களில் லைசென்ஸ் தனி ஃபைலாகத்தான் கிடக்கும், கோடுக்குள் ஒரு வரிகூட இருக்காது. அவற்றையெல்லாம் திரட்ட இரண்டு ராத்திரி ஆனது.

அப்பாச்சி 2.0 என்ற இன்னொரு லைசென்ஸ் என்றால் கூடவே நோட்டீஸ் ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் உள்ளதும் கூடப் போகவேண்டும்.

இந்த வரிகளைச் சேர்ப்பதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நெட்டில் தகவலை அனுப்பவும் இறக்கவும் உதவுகிற கர்ல் என்ற மென்பொருளை எழுதிய ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க்கின் பெயரும் மெயில் முகவரியும் கர்ல் லைசென்ஸில் இருக்கின்றன. கர்ல் கார்களுக்குள்ளும் இருக்கிறது. அதனால் காரின் திரையில் அந்த முகவரியைப் பார்த்தவர்கள், தங்கள் கார் கோளாறுக்கு வழி கேட்டு அவருக்கு மெயில் போட்டிருக்கிறார்கள். பாவம் மனுஷர்!

இதுவரை சொன்னது பெயரோடு போகிற சமாச்சாரம். ஜிபிஎல் என்ற லைசென்ஸ் அப்படி விடாது, சோர்ஸையும், அதாவது எழுதிய மூலக் கோடையும், கேட்கும். வீடியோ வேலைக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற லைப்ரரியை ஆப்பில் வைக்கிறவர்கள் கவனியுங்கள். அடிப்படையில் அது எல்ஜிபிஎல், ஜிபிஎல்லின் கொஞ்சம் தளர்ந்த வடிவம். தனி லைப்ரரியாக வைத்து, பயனர் வேறு பதிப்பை மாற்றிப்போட வழிவிட்டு, அதன் சோர்ஸையும் கொடுத்தால், உங்கள் கோடு உங்களிடமே இருக்கலாம். ஆனால் வீடியோவைச் சுருக்குகிற எக்ஸ்264 வேண்டுமென்று பில்டில் 'எனேபிள்-ஜிபிஎல்' போட்டுவிட்டால் அந்த லைப்ரரி மொத்தமும் ஜிபிஎல் ஆகிவிடும். அதை ஆப்போடு இணைத்து வெளியிட்டால், ஆப்பின் சோர்ஸையும் அதே லைசென்ஸில் கொடுக்க வேண்டிவரும். நெட்டில் எங்கோ கிடைத்த ரெடிமேட் பில்டை இறக்கிப் போட்டால், எது உள்ளே இருக்கிறது என்றே தெரியாது.

லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் ஜிபிஎல் லைசென்ஸில் வருகிற லினக்ஸ் இருப்பதை 2003இல் கண்டுபிடித்தவர்கள் விடாமல் கேட்டதால்தான் அதன் சோர்ஸ் வெளியே வந்தது. ரவுட்டர்களுக்கான திறந்த மென்பொருள் ஓப்பன்டபிள்யூஆர்டி முளைத்தது அதிலிருந்து. பெயரிலேயே அந்த ரவுட்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாருங்கள்.

கடைசியாக, என் பட்டியலில் சிவப்பில் இருக்கிற இந்த ஒரு வரி. தேதியை அழகாகக் காட்டும் குட்டி பேக்கேஜ். லைசென்ஸே இல்லை. லைசென்ஸ் இல்லையென்றால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். உண்மையில் எழுதியவர் யாருக்கும் எந்த அனுமதியும் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். அவருடைய பக்கத்தில் பணிவாக ஒரு கேள்வி போட்டேன். ஆறு நாள் சத்தமே இல்லை. ஏழாம் நாள் "மறந்தே போய்விட்டேன், மன்னிக்கவும்" என்று எம்ஐடி ஃபைலைச் சேர்த்துவிட்டார். அதற்குள் நான் அந்தத் தேதிக் கோடை நானே எழுதி முடித்திருந்தேன், பதினெட்டு வரி.