அரிசி முளைக்காது

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். ஊர் இலங்கையின் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரை. போருக்குப் பிறகு பிள்ளைகளுக்கும் வயற்காரக் குடும்பங்களுக்கும் செய்யப்படும் உதவி பற்றிப் பேச அழைத்தார்கள். எனக்குத் தெரிந்த வழி வயல் வழிதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2007 மார்ச் மாதம் சண்டைக்குத் தப்பிப் படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு வந்தது. மண்முனையில் அப்போது பாலம் கிடையாது. 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் கடக்கவேண்டும். வாகரைப் பக்கத்திலிருந்து முன்னரே வந்தவர்களையும் சேர்த்தால், மாவட்டத்தில் இடம்பெயர்ந்து நின்றவர்கள் ஒன்றரை இலட்சம் பேருக்கு மேல். பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், வெறும் மணல் என்று இடம் கிடைத்த பக்கமெல்லாம் தறப்பாள் கட்டி இருந்தார்கள். அரிசி வந்தது. மாவு, பருப்பு, எண்ணெய், சீனி வந்தது. அந்த மூட்டைகள் வராவிட்டால் எத்தனை பிள்ளைகளை இழந்திருப்போம் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆகவே நிவாரணத்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு முதியவர் என் கையைப் பிடித்துக் கேட்டதை இன்றுவரை மறக்க முடியவில்லை. "தம்பி, அரிசி தாறாங்க, நல்லது. அரிசி முளைக்குமா தம்பி?"

அவர் கேட்டது விதைநெல். அவர்கள் வந்த மாதத்தைப் பாருங்கள். மாரிமழையில் விளையும் பெரும்போகத்தின் அறுவடை முடியும் நேரம் அது. சிலர் அறுத்துக் குவித்த கதிரை, நாங்கள் சூடு என்போம், அடிக்காமலே களத்தில் விட்டுவிட்டு வந்தார்கள். அடுத்து உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் கீழ் சிறுபோகம் விதைக்கவேண்டிய காலம். அதுவும் போயிற்று. மாடுகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்தோம்." கட்டிய இடத்திலேயே பட்டினி கிடந்து சாகக்கூடாது என்று அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். திரும்பிப் போனபோது பெரும்பாலான பட்டிகளில் கயிறுதான் கிடந்தது.

அந்த வருடம் மே மாதத்திலிருந்து கட்டம் கட்டமாக மீள்குடியேற்றம் நடந்தது. கூரைத் தகரம் இல்லாத வீடு, தூர்ந்த கிணறு, வளவெல்லாம் பற்றைக்காடு. துப்புரவு செய்யும்போதே புரட்டாதி வந்துவிட்டது. எங்கள் மானாவாரி வயல்களில் புரட்டாதிக் கடைசியிலும் ஐப்பசி முற்பகுதியிலும் விதைத்துவிட வேண்டும். மழை பலக்கும்போது பயிர் தலையைத் தூக்கி நிற்கவேண்டும். கார்த்திகையில் எறிந்த விதை வெள்ளத்தில் அழுகும். அவ்வளவுதான், அதில் பேரம் பேச முடியாது.

ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் வேண்டும். ஏறத்தாழ நாற்பது கிலோ. இரண்டு ஏக்கர்க் குடும்பத்துக்கு நாலு புசல். பெரிய தொகை இல்லை. அப்படியிருந்தும், எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்துக்கு ஒரு நிறுவனத்தின் விதைநெல் லொறி வந்து சேர்ந்தது கார்த்திகை நடுவில். கொண்டுவந்தவர்கள் நல்ல மனிதர்கள். கேள்வி விலை, அனுமதி, சோதனைச்சாவடி என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வாரம் போயிருக்கிறது. சனம் வாங்கிக்கொண்டது. வாங்கி என்ன செய்ய? அவித்து, குத்தி, தின்றார்கள். விதைநெல்லாகப் புறப்பட்டது சோறாகப் போய்ச் சேர்ந்தது. அந்த நெல்லில் கொஞ்சம் எடுத்துவைத்து முளைக்கப்போட்டும் பார்த்தேன். நூற்றுக்குப் பாதிகூட முளைக்கவில்லை.

நேரத்துக்கு வந்தாலும் விதை மட்டும் போதாது. உழவுக்கூலி வேண்டும், உரம் வேண்டும். அதைவிட முக்கியம், விதைத்த நாளிலிருந்து அறுக்கும் நாள்வரை மூன்றரை மாதம் அந்த வீட்டில் அடுப்பு எரியவேண்டும். ஊருக்குத் திரும்பிவிட்டார்கள்தானே என்று உலர் உணவை நிறுத்தினால், அவர்கள் முன்னால் இரண்டு வழிதான் இருக்கும். விதைநெல்லைச் சாப்பிடுவது, அல்லது பச்சைப் பயிரைக் காட்டிக் கடன் வாங்கி, அறுத்ததும் களத்திலேயே நெல்லாக அளந்து கொடுத்துவிட்டு வெறும் சாக்கோடு வீட்டுக்குப் போவது.

இதில் பிள்ளைகள் எங்கே வருகிறார்கள் என்று கேட்பீர்கள். அந்த வெறும் சாக்கு வந்த வீட்டில்தான் வருகிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பொடியன் செங்கல் வாடிக்குப் போவான். தாய் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போவாள், மூத்த மகள் தம்பி தங்கைகளைப் பார்க்க வீட்டில் நிற்பாள். புத்தகப் பையும் கொப்பியும் கொடுத்தார்கள், பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டியதுதான். ஆனால் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவதா இல்லையா என்று தீர்மானித்தது வயல்.

கணவனை இழந்த பெண்களின் நிலைமை இன்னும் கடினம். 2010இல் அரசாங்கத் தரப்பில் சொன்ன கணக்குப்படி கிழக்கில் மட்டும் சுமார் 49,000 பேர். எங்கள் மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் கொடுப்போம். அது நல்ல வழக்கம். ஆனால் குடியேற்றத் திட்டத்து வயலின் அனுமதிப்பத்திரத்தில் பெரும்பாலும் ஆணின் பெயர்தான் இருக்கும். "காணி ஆர் பேரில அம்மா?" என்று கேட்டால், காணாமற்போன புருசனின் பெயரைச் சொல்லவேண்டும். மரணச் சான்றிதழ் கேட்டால், "அவர் செத்தார் எண்டு நான் எப்படி எழுதிக் குடுப்பன்?" என்று அழுவார்கள். காணாமற்போனவர் என்றே சான்றிதழ் கொடுக்க வழிசெய்த சட்டம் 2016இல்தான் வந்தது. அதுவரை எத்தனை விதைப்புக் காலம் போயிருக்கும்! பயனாளிப் பட்டியல் எழுதுகிறவர்களை நான் இரந்து கேட்கிறேன்: வயலில் யார் இறங்கி நிற்கிறார் என்று பாருங்கள், அவர் பெயரை எழுதுங்கள்.

இந்தப் பாடம் எங்களோடு தொடங்கியதும் இல்லை. 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போருக்குப் பிறகு குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர் பிரெஞ்சுக் குடியானவர்களுக்கு விதை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றிக்கொடுத்த டான் வெஸ்ட் என்ற அமெரிக்க விவசாயிக்கு, கோப்பையில் பால் ஊற்றுவதைவிட ஒரு பசுவைக் கொடுக்கலாமே என்று தோன்றியது. 1944இலிருந்து கிடாரிகளைக் கப்பலில் அனுப்பினார்கள். பெற்றவர் முதல் பெண்கன்றை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்கவேண்டும் என்பது ஒப்பந்தம். கன்றில் பங்கு பேசி, வாரத்துக்கு மாடு வளர்க்கும் எங்கள் ஆட்களுக்கு இது உடனே விளங்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐக்கிய நாடுகளின் நிவாரண அமைப்பு ஏறக்குறைய 300,000 குதிரைகளையும் மாடுகளையும் ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றியது. 1946 டிசம்பர் 11இல் பிறந்த யுனிசெப் முதலில் பால்மா கொடுத்தது, பிறகு அங்கேயே பாலைப் பதனிடும் ஆலைகளுக்கு உதவியது.

வயலால் ஆறாத காயமும் பிள்ளைகளுக்கு உண்டு. அதையும் சொல்லாமல் விடக்கூடாது. மட்டக்களப்பில் 1996இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த ஓவியர் போல் ஹோகனும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து களிமண் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள். பேசாமலிருந்த பிள்ளையை யாரும் பேசு என்று நெருக்கவில்லை. அங்கே அவசரம் கிடையாது.

இப்போது புரட்டாதி. வெளிநாட்டிலிருந்து ஊருக்கு உதவி அனுப்பும் உறவுகள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். தைப்பொங்கலுக்கு அனுப்ப வைத்திருக்கும் காசில் ஒரு பங்கை இந்த வாரமே அனுப்புங்கள். எந்த நெல் வேண்டும் என்று ஊர் விவசாயிகளிடமே கேளுங்கள்.

அந்தக் கார்த்திகை நெல்லுக்குப் பிறகு நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முளைதிறன் பார்க்கக் காட்டிக்கொடுத்தேன். நூறு நெல்லை எண்ணி ஈரச்சாக்கில் பரப்பிச் சுருட்டி வைக்கவேண்டும். சில நாளில் விரித்து முளையை எண்ணவேண்டும். எண்பத்தைந்துக்குக் குறைந்தால் அது விதையில்லை. 2008 புரட்டாதியில் அந்த ஊருக்குப் போனேன். யானை மணம் பிடித்து வீட்டை இடித்துவிடும் என்று சனம் விதைநெல்லைக் கோயில் மண்டபத்தில் அடுக்கியிருந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தாயின் மூட்டைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து எண்ணிக்கொண்டிருந்தாள். நான் நிற்பதைக் கவனிக்கவில்லை. எண்ணி முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஒருமுறை எண்ணினாள்.

"தொண்ணூற்று நாலு, அம்மா."

நன்றி, வணக்கம்.