நூறு என்றால் யாரோடு ஒப்பிட்டு?

வணக்கம் நேயர்களே. பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டவரை ஆறு மாதம் கழித்து, நினைவையும் அறிவுத்திறனையும் சோதிக்கும் என்னிடம் அழைத்து வருவார்கள். ஐ.க்யூ. நூறு என்று ரிப்போர்ட் சொல்லும். "அப்போ நார்மல்தானே?" என்பார் மனைவி. அடுத்த நிமிடமே குரலைத் தாழ்த்தி, "ஆனா இவர் பழைய ஆள் இல்லீங்க" என்பார். இரண்டுமே சரிதான்.

ஐ.க்யூ. என்னும் அறிவுத்திறன் எண்ணைத் தரும் வெக்ஸ்லர் சோதனையில் ஒரே வயதினர் பலருடைய மதிப்பெண்களைத் திரட்டி அட்டவணை போட்டிருக்கிறார்கள். அவர்களின் சராசரிக்கு வைத்த பெயர்தான் நூறு. விபத்துக்கு முன் 130 வாங்கக்கூடிய ஆடிட்டர் ஒருவர் நூறுக்கு இறங்கினால், நூற்றில் இரண்டு பேர் நிற்கும் இடத்திலிருந்து நடுவரிசைக்கு விழுந்திருக்கிறார். அட்டவணைக்கு அது தெரியாது.

முன்பு எப்படி இருந்தார் என்று அறிய, இங்கிலாந்தில் ஹேசல் நெல்சன் 1982இல் ஒரு வழி கண்டார். எழுத்து ஒரு விதம், உச்சரிப்பு வேறு விதம் என்றிருக்கும் ஐம்பது ஆங்கிலச் சொற்களை வாசிக்கச் சொல்வது. கடன் என்று பொருள்படும் 'டெட்' (debt) என்ற சொல்லில் 'பி' ஒலிக்காது. முன்பே அறிந்தவர்தான் சரியாகச் சொல்வார். நினைவு மங்கினாலும் அந்தப் பழக்கம் ஓரளவு தங்கியிருக்கும். தமிழில் இது நடக்காது. எழுத்துக்கூட்டத் தெரிந்தவர் கேள்விப்படாத சொல்லையும் வாசித்துவிடுவாரே! நம் மொழியின் நல்ல குணம் எனக்குத் தொல்லையாகிறது.

மொத்த எண் இன்னொன்றையும் மறைக்கும். வலிப்புக்காக 1953இல் மூளை அறுவை செய்துகொண்ட அமெரிக்கர் ஹென்றி மொலேசனுக்கு இரண்டாண்டு கழித்து ஐ.க்யூ. 112. நினைவுக்கான மதிப்பெண் 67தான். புதிதாகப் பார்ப்பது எதுவும் அவர் மனதில் தங்கவில்லை.

அட்டவணைக்கும் வயதாகும். அமெரிக்காவில் ஐ.க்யூ. சராசரி பத்தாண்டுக்குச் சுமார் மூன்று புள்ளி ஏறிவந்ததை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் காட்டினார். பழைய அட்டவணையின் சராசரி தாழ்ந்தது; அதை வைத்தால் இழப்பு சிறிதாகத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவரைக் கல்லூரி படித்தவரோடு ஒப்பிட்டால் இல்லாத இழப்பு முளைக்கும். பெங்களூருவின் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2004இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பு வயது, படிப்பு, பாலினம் பிரித்து அட்டவணை தருவது அதனால்தான்.

ஸ்கேனை மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். அவருடைய பழைய மார்க் ஷீட், கைப்பட எழுதிய கணக்கு நோட்டு எது கிடைத்தாலும் சரி, அதையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.